அறுந்த நூலின் நுனி

ஹூஸ்டன்
மே 11

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. யூனிபார்ம் சீசனில் மூச்சு விட நேரமில்லாதவள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். வேலைவெட்டி அதிகமில்லாத நான் இன்றைக்குத்தான் பேனாவைத் தொடுகிறேன். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். கடையில் தூசி பறக்கும், அந்தப் பக்கமே அவரை விடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் வேலைக்கு டாலஸ் போய்விட்டான். வீடு காலியாகக் கிடக்கிறது, கராஜ் மட்டும் நிறைந்திருக்கிறது.

கடைசி வரியில், "உன் மிஷின் நூல் அறுக்கிறது நின்னுச்சாடீ?" என்று கேட்டிருந்தாய். நின்றுவிட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இது காட்ட வேண்டிய விஷயம். இந்தத் தாளின் ஓரத்தில் மூன்று நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்.

முதலில் மிஷினைப் பற்றி. போட்டோவில் பார்த்துவிட்டு 'கட்டிலா மிஷினா' என்று கேட்டாயே, அதேதான். லாங் ஆர்ம் என்பார்கள், பஞ்சுப் போர்வை தைக்கிற மிஷின். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் உருளைகளில் மாட்டிவிடுவோம். துணி அசையாது, மிஷின்தான் சக்கரத்தில் அசையும். நாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி நான்கு பக்கமும் ஓட்ட வேண்டும். உன் மிஷினில் அடியிலிருக்கும் பற்கள் துணியை ஒரே திசையில் நகர்த்தும், ஊசிக்குத் தொந்தரவில்லை. இங்கே போகிற பக்கமெல்லாம் ஊசி வளைந்து நிமிரும். அதனால் ஊசியும் தடிமன்; நான் போடுவது 4.0, உங்கள் கணக்கில் 18-ஆம் நம்பர். ஊசித் தண்டு உருண்டை என்பதால் உன் பவர் மிஷின் மாதிரியே கண்ணால் பார்த்துத்தான் திருப்பி மாட்ட வேண்டும். உனக்கு ஊசியின் நீளப் பள்ளம் இடப்பக்கம் வரும், எனக்கு முன்பக்கம். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தையல் விடும், நூல் அறும்.

பிப்ரவரியில் ஒரு கஸ்டமர் போர்வை கொண்டுவந்தார். 60-க்கு 80 அங்குலம். சதுர அங்குலத்துக்கு மூன்று சென்ட் கூலி, ஆக 144 டாலர். முழுக்கப் பாத்திக் துணி. நெருக்கி நெய்த துணி என்பதால் ஊசி இறங்கவே முரண்டு பிடிக்கும். இரண்டு வரிசை ஒழுங்காகப் போனது, மூன்றாவதில் ஆரம்பித்தது. ஒரு முழம் தைப்பதற்குள் பட்டென்று அறும். கோர்த்து, கீழ் நூலை மேலே இழுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி தொடங்கினால் அரை முழத்தில் அறும்.

நீ "ஊசியை மாத்து" என்றாய். மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியதால் உன்னைப் புகழ்ந்து மெசேஜ்கூட அனுப்பினேன். மூன்றாம் நாள் பழையபடி.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் நம் தையல் டீச்சர் ஸ்கேலை எடுப்பார். மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, தளர்த்தினேன். அறுவது குறைந்தது. இன்னும் தளர்த்தினேன். இன்னும் குறைந்தது. போர்வையைத் திருப்பிப் பார்த்தால் வளைவுகளிலெல்லாம் மேல் நூல் அடியில் துருத்திக்கொண்டு நிற்கிறது, கண்ணிமை மயிர் மாதிரி. இங்குள்ளவர்கள் அதற்கு ஐலேஷ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவையும் பிரித்தேன். பிரிப்பதற்குக் கூலி கிடையாது, தெரியுமில்லையா?

அப்புறம் ஒரே நாளில் நான்கு வேலை. டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே துணி நாடாவை விட்டு இழுத்தேன், கம்பளி மாதிரி ஒரு அடைசல் வந்தது. நூல் கோனுக்கு நேர் மேலே இருக்க வேண்டிய வளையம் ஒதுங்கியிருந்தது, நேராக்கினேன். போர்வையை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தேன்; அடியிலிருந்து விரலால் அழுத்தினால் துணி கொஞ்சம் மேலெழும்பும் அளவுக்கு உருளையைத் தளர்த்தினேன். தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்த பழைய பருத்தி நூலைத் தூக்கிவிட்டுப் புது பாலியெஸ்டர் போட்டேன். தாளில் மூன்றாவதாக இருப்பது அந்தப் பழைய நூல்தான். பிய்த்துப் பார், கையோடு வரும். நான்கும் செய்ய வேண்டியவைதான். எல்லாம் சேர்ந்து அறுவதைக் கொஞ்சம் குறைக்கவும் செய்தது. அந்தக் 'கொஞ்சம்'தான் என்னைக் கெடுத்தது. எதனால் குறைந்தது என்று தெரியவில்லை, ஆனால் பாதை சரி என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் டென்ஷன் திருகையே திருகிக்கொண்டிருந்தேன். போனில் கேட்டபோது மெக்கானிக்கும் டென்ஷன் என்றுதான் சொன்னார். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் முதலில் சொல்வது அதுதான் போலிருக்கிறது.

கீழ் நூலையும் சோதித்தேன். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாகச் சுண்டச் சொல்வாரே டீச்சர்? "கிணத்து வாளி மாதிரி சரசரன்னு இறங்கவும் கூடாது, உறி மாதிரி தொங்கவும் கூடாது." இங்கே அதற்கு ஒரு சின்ன மீட்டரே விற்கிறது. வைத்துப் பார்த்தேன், 20 கிராம் காட்டியது, குறையில்லை. தையல் லோயர் பரீட்சைக்கு நாம் கையால் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான் இருந்திருக்கும்.

ஒரு ராத்திரி வெறுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். டீச்சர் பொறுக்காமல் வீட்டுக்கு விடமாட்டாரே, அந்தப் பழக்கம். அப்போதுதான் நுனியைப் பார்த்தேன். முதல் துண்டைப் பார். பூனை வால் மாதிரி மூன்று அங்குலத்துக்குப் பிசிறடித்திருக்கிறது. இரண்டாவதை, மிஷின் சரியானபின், வேண்டுமென்றே டென்ஷனை முறுக்கி அறுத்தேன். கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கிறது பார். இழுவையில் அறுந்தால் அப்படித்தான் அறும். பிசிறினால் எங்கேயோ உரசுகிறது என்று அர்த்தம். ஒரே இடத்து நூல் ஊசிக் காதுக்குள் எத்தனையோ தடவை மேலும் கீழும் போய்வந்த பிறகுதான் தையலில் உட்காருகிறது. வழியில் மயிரளவு பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஓர் இழையைச் சீவிவிடும். டென்ஷனைத் தளர்த்தினால் உரசல் மெதுவாகும், அவ்வளவுதான்.

வலமிருந்து இடமாக ஓட்டும்போதுதான் அதிகம் அறுந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அதை நான் உன்னிடம் சொல்லவேயில்லை. ஜனவரியில் நேர்கோடு போட அக்ரிலிக் ஸ்கேலைப் பிடித்திருந்தபோது அது நழுவி, ஊசி அதில் அடித்து, துப்பாக்கி வெடித்த மாதிரி உடைந்தது. கையில் படவில்லையே என்ற சந்தோஷத்தில் புது ஊசியை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். உடைகிற ஊசி சும்மா போகாது என்று நமக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் ஊசித்தட்டைக் கழற்றி அதன் ஓட்டையில் நூலை விட்டு இழுத்துப் பார்த்தேன், வழுவழுவென்றிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியால், அடியில் சுழன்று மேல் நூலைப் பிடிக்கிற ஹூக்கைச் சுற்றித் தடவினேன். முனைக்குச் சற்றுப் பின்னால் பஞ்சு மாட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. 1000 நம்பர் எமரித் தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, முனையைத் தொடாமல் அந்த இடத்தை மட்டும் ஒரே திசையில் இழுத்தேன். முனை மழுங்கினால் நூல் வளையத்தைப் பிடிக்காது. ஹூக்கை மாற்றி, ஊசியும் அதுவும் சரியாகச் சந்திக்கும்படி டைமிங் வைக்க வேண்டியதாகிவிடும். தூளைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கந்தல் துணியில் ஓட்டினேன். பிறகு அந்தப் பாத்திக் போர்வையை எடுத்தேன். மிச்சமிருந்த பாதியும் ஒரே மூச்சில் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை நின்றது, அது கோன் தீர்ந்ததால்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். பினாஃபோர் பட்டி நான்கு மடிப்பு சேருமிடத்தில் நூல் அறுகிறது, மெக்கானிக் டென்ஷன் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பணம் கொடுக்காதே, பொறு. முதலில் அறுந்த நுனியை நகத்தால் தடவு. கடுகு மாதிரி கெட்டியாக உருண்டிருந்தால் உரசலும் இல்லை, இழுவையும் இல்லை, சூடு. உன் மிஷின் ஓடுகிற வேகத்துக்குத் தடித்த மடிப்பில் ஊசி கொதித்துப்போகும், பாலியெஸ்டர் நூல் உருகிவிடும். அந்த இடத்தில் மட்டும் பெடலை மெதுவாக மிதி, ஊசியையும் ஒரு நம்பர் மாற்றிப் பார். உருளவில்லையென்றால் நீயே எதையும் முடிவு பண்ணாதே. பதில் கடிதத்தில் நாலைந்து நுனியை டேப் போட்டு ஒட்டி அனுப்பு, எந்த மிஷினில் அறுந்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடு.

அண்ணனுக்கு என் நமஸ்காரம்.

உன்,
வாசுகி