ஆட்டம் எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் உள்ளூர் உதைபந்தாட்டம் பார்க்க ஆள் வருவதில்லை, பிள்ளைகள் எல்லாம் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று போன கிழமை ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் குறைப்பட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிப் பழியைப் பிள்ளைகள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

என்னை முதன்முதலில் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனவர் சின்ன மாமா. 1995 மாசி மாதம். தை மாதம்தான் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் வந்திருந்தது. சென்றி என்கிற சோதனைச் சாவடிகளில் கெடுபிடி தளர்ந்து, சனம் பின்னேரத்தில் வெளியே நடமாடத் தொடங்கிய காலம். மாரி மழையும் விட்டு நிலம் காய்ந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. "பொம்பிளைப் பிள்ளைக்கு உதைபந்து என்னத்துக்கு?" என்று அம்மம்மா மறித்தார். "கோணேசர் கோயிலுக்குப் போறம், வாற வழியில கொஞ்சம் நிண்டு பாத்திட்டு வாறம்" என்று மாமா சமாளித்தார். மைதானம் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலுக்குக் கிட்ட என்பதால் அந்தப் பொய் பொருந்தியது. அன்றைக்குக் கோயிலுக்குப் போனோமா என்று எனக்கு ஞாபகமில்லை.

சைக்கிள் பாரில் துவாய் சுற்றி என்னை இருத்தி, உவர்மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டார். மைதானத்தில் நான் முதலில் பார்த்தது மான்களைத்தான். கோட்டை மான்களுக்கு ஆட்டமாவது ஒன்றாவது, கோல் கம்பத்தடியில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பொடியன்கள் துரத்திய பிறகுதான் றெபறி விசில் ஊதினார்.

எங்கள் பக்கத்துக் கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எதிர்க்கழகத்து ஆட்கள் அடுத்த கிழமை உங்களுக்குத் தனிக் கடிதம் போடுவார்கள். அதில் லெப்ட் விங் ஆடியவர் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அண்ணை! காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சூடையும் பாரையும் நிறுக்கிற மனிசன், பின்னேரம் இலக்கம் போட்ட பெனியனோடு காற்றாய்ப் பறக்கிறார். இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து ஆடுகிறார் என்று மாமா சொன்னார். அந்த அணியில் ஜமாலியாப் பக்கத்து முஸ்லிம் பொடியன்கள் இருந்தார்கள், ஒரு சிங்கள அண்ணனும் இருந்தார். பந்து கேட்டு மூன்று பேரும் மூன்று மாதிரிக் கத்துவார்கள். பார்க்க வந்தவர்கள் றெபறியைத் திட்டும்போது மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

ரி.வி.யில் பார்ப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சத்தம்தான். பந்தை உதைக்கிற சத்தம் நெஞ்சில் வந்து முட்டும். ஓடுகிறவர்களின் மூச்சு கேட்கும், மண் கிளம்பி முகத்தில் அடிக்கும். எல்லைக்கோட்டுக்கு ஒரு எட்டுத் தள்ளித்தான் நாங்கள் நின்றோம், கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. ஒப்சைட் என்றால் என்ன என்று கேட்டேன். மாமா குந்தியிருந்து நிலத்தில் கச்சான் கொட்டைகளை அடுக்கி விளக்கினார், பிறகு கோல் காப்பாளரோடு சேர்த்து எல்லாவற்றையும் உடைத்துத் தின்றுவிட்டார். இடைவேளையில் வாளி நிறையத் தோடம்பழத் துண்டுகள் வந்தன. விளையாடாத எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

2:1 கணக்கில் தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் மீன்கார அண்ணை. அடுத்த நாள் காலை அவர் படலையடியில் மணி அடித்தபோது அம்மாவுக்கு முதல் நான் ஓடினேன். அம்மம்மாவும் அன்றைக்கு விலை பேசவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் மைதானத்துக்குப் போவதை வீட்டில் யாரும் மறிக்கவில்லை.

ஆனால் போக மைதானத்தில் ஆட்டம் இருக்கவேண்டுமே. ஏப்ரல் 2ஆம் திகதி கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1:0 என்று வென்றது. அந்தப் புழுகம் அடங்க முதலே, ஏப்ரல் 19இல் எங்கள் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. போர்நிறுத்தம் முடிந்தது. பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். மீன்கார அண்ணை வருவதும் குறைந்து போயிற்று. அடுத்த வருடம் பங்குனியில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. அதோடு ஒழுங்கையில் இருந்த பொடியன்கள் எல்லாம் தென்னை மட்டையைத் தூக்கிவிட்டார்கள். தங்கக் கிண்ணம் என்று ஒன்றை வென்றோம் என்பதையே இன்றைக்குப் பலர் கேள்விப்பட்டதில்லை. அதில் எனக்கு இப்போதும் கொஞ்சம் கோபம் உண்டு, சரி, அதை விடுவோம்.

சொல்ல வந்தது இதுதான். சின்ன மாமாவுக்கு அன்றைக்கு ஆட்டம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் கரும்பலகை இருந்தது. இன்ன கழகமும் இன்ன கழகமும், பின்னேரம் 4 மணி என்று சோக்கால் எழுதிப் போடுவார்கள். பெரிய ஆட்டம் என்றால் முதல் நாள் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்றும் ஊரைச் சுற்றும். போன் இல்லாத அந்தக் காலத்தில், சண்டைக்கு நடுவில், ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் செய்தி வந்து சேர்ந்தது.

இப்போது என் மகனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. ஐரோப்பாவில் எந்தக் கழகம் எந்த இரவு ஆடுகிறது என்பது அவனுக்குத் தண்ணீர்ப்பாடம். எங்கள் நேரத்துக்கு இரவு ஒன்றரைக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கும் அவன் போன் முன்கூட்டியே மணியடிக்கிறது. ஏகாம்பரம் மைதானத்தில் போன சனிக்கிழமை லீக் ஆட்டம் நடந்தது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை யாரோ பேஸ்புக்கில் போட்ட, வென்ற அணிக்கு மாலை சூட்டிய படத்தைப் பார்த்துத்தான் அறிந்தோம். உங்கள் பத்திரிகையில் வியாழக்கிழமை ஒரு மூலையில் முடிவு வந்தது. கோல் போட்டவர் பெயர்கூட இல்லை. 2023இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபா இலங்கையைத் தடை செய்தபோது எல்லாப் பத்திரிகைகளும் நீளநீளமாக எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் நடந்து முடிந்த ஆட்டத்துக்கு எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியும்?

ஆகவே வெள்ளிக்கிழமைப் பதிப்பில் நாலு வரி ஒதுக்குங்கள். எந்தக் கழகங்கள், எந்த மைதானம், எத்தனை மணிக்கு. முடிவு போடும்போது கோல் போட்டவரின் பெயரையும் சேருங்கள், அவர் வீட்டில் வெட்டி ஒட்டி வைப்பார்கள். கழகங்களும் நேரகாலத்தோடு விபரத்தை அனுப்ப வேண்டும், அவர்களை விரட்டுகிற வேலை உங்களுடையது. இதையும் சொல்லிவிடுகிறேன்: பெண்களும் பிள்ளைகளும் வரவேண்டும் என்றால் மைதானத்தில் பூட்டாத மலசலகூடம் ஒன்றாவது வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை.