நாலு வெள்ளைக் கால்

மறையூர்
ஞாயிறு, ராத்திரி பத்தரை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய 41 படமும் வந்து நாலு மாசம் ஆகிறது. பார்த்துவிட்டேன். பார்த்ததால்தான் பதில் போடவில்லை. ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். உனக்கு அப்படிப் போட எனக்குக் கை வரவில்லை, உள்ளதைச் சொல்லவும் வாய் வரவில்லை. போன வாரம் தங்கச்சி போன் பண்ணி, “அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு, லென்ஸக்கூடத் துடைக்க மாட்டேங்கிறாரு” என்றது. ரிடையர்மென்ட் பணத்தைக் கொட்டி வாங்கிய 600 எம்.எம். லென்ஸ்டா அது. துடைக்காமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முதலில் அந்த வேலையைப் பார்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது என் சட்டைக் கறையெல்லாம் தெரிகிறதாம், தினமும் திட்டு. ஸ்டுடியோவில் முக்கால்வாசி ஜெராக்ஸ்தான். டார்ச் அண்ணன் மறுபடியும் கடன் கேட்டார், மறுபடியும் கொடுத்தேன். நீ ஒன்றும் சொல்லாதே.

உன் படங்களுக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. முப்பது வருஷமாகப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துப் பிழைத்தவன் நான். “நேரா பாருங்க, தோளை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க.” உன் வேடந்தாங்கல் நாரைகள் எல்லாம் அப்படியே என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது போல இருக்கின்றன. கண் கூர்மை. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம். இறகை எண்ணிவிடலாம். பின்னணி மட்டும் பச்சைக் கஞ்சி. அது வேடந்தாங்கலா, வண்டலூரா, பக்கத்து வீட்டுத் தோட்டமா? அந்தப் பறவைக்கு அந்தக் காலையில் என்ன வேலை இருந்தது? ஆறு காப்பி எடுத்து ரேஷன் கார்டில் ஒட்டலாம், அவ்வளவு சுத்தம்.

உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. “பறவை உயரத்துக்கு நீ இறங்கு, சேத்தில் வயிறு படக் கிட, கண்ணில் போகஸ் பிடி, இல்லாவிட்டால் படமே இல்லை” என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதெல்லாம் தப்பில்லை. மேலே நின்றுகொண்டு எடுத்தால் முயல்கூடப் பொம்மை மாதிரித்தான் தெரியும். ஆனால் அது இலக்கணம். இலக்கணம் தெரிந்தவனெல்லாம் வெண்பா எழுதிவிடுகிறானா?

காட்டு விலங்குகளைப் படமெடுத்த நம் மா. கிருஷ்ணனை நினைத்துப்பார். கறுப்பு வெள்ளையை விட்டு அசையாத மனுஷன். கண்ட உதிரிப் பாகங்களை ஒன்றுசேர்த்து ஒரு காமிராவைக் கட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அவர் யானையைப் பார்த்தால் யானை மட்டுமா தெரிகிறது? மூங்கில் தெரிகிறது, அது நிற்கிற இடத்தின் வெயில் தெரிகிறது. 2020-இல் லண்டன் வனவிலங்குப் போட்டோ போட்டியில் முதல் பரிசு வாங்கிய ரஷ்யப் புலியை நீதானே எனக்கு அனுப்பினாய்? தானியங்கிக் காமிராவை மரத்தில் கட்டிவிட்டுப் பதினோரு மாசத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த படம். அந்தப் புலி காமிராவைப் பார்க்கவே இல்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துத் தன் வாசனையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தன் வேலையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, “புலி வீட்டுக்குள்ள ஜன்னல் வழியா எட்டிப் பாத்த மாதிரி இருக்குடா” என்று எழுதியவன் நீ. அப்படி எழுதினவனா இந்த 41-ஐ எடுத்தான் என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, இதற்காக மட்டும் நான் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு விஷயம் நடந்துவிட்டது.

அக்டோபரில் வனவிலங்கு வாரம் வருமே, அதற்கு இங்கே ஒரு வாயனசாலையில், நம் ஊர்ப் பேச்சில் நூலகம், போட்டோ போட்டி வைத்தார்கள். என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கூட இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், எல்லாருக்கும் ‘மாஷ்’, கோட்டயத்துக்காரர், நம் கடைக்கு இருபது வருஷமாக வருகிறவர். இன்னொருவன் கொச்சியிலிருந்து வந்த பையன். ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கச் சொல்லித்தருகிறானாம். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

வந்ததில் பாதி ராஜமலை வரையாடு. ரோட்டோரத்தில் பழகிப்போய் நிற்கிற ஆடு, பின்னால் மேகம். குட்டி போடுகிற காலத்தில் பார்க்கைப் பூட்டுகிறார்களே, அப்போதாவது அவற்றுக்குக் காமிராவிலிருந்து விடுமுறை. ஒரு சாம்பல் அணில், சின்னாறுப் பக்கம் எடுத்தது, பரவாயில்லை. வரிசையாகத் தள்ளிக்கொண்டே வரும்போது ஒரு படம் வந்தது. மாப்ளே, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

கரும்பு ஆலைக் கொட்டகை. விடியற்காலம், இன்னும் இருட்டு. செல்போனில் எடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மணல் அள்ளிப் போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஓரத்தில் விரலும் விழுந்திருக்கிறது. கொப்பரையில் பாகு கொதித்து ஆவி எழும்புகிறது. ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பால் கிண்டுகிறான். கொட்டகைக்கு வெளியே, பாகிலிருந்து எடுத்த அழுக்கையும் சக்கையையும் கொட்டியிருக்கிற குவியலுக்குப் பக்கத்தில், நாலு வெள்ளைக் கால். அவ்வளவுதான். கால் மட்டும். மேலே ஒன்றும் இல்லை, இருட்டு.

புரிகிறதா? காட்டுமாடு. (எருமை என்று எழுதி அனுப்பினாயோ, உதைப்பேன்.) முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், மேலே கறுப்பு. அடுப்பு வாய் தரை மட்டத்தில் இருப்பதால் நெருப்பு வெளிச்சம் தரையோடு தரையாக ஓடிப்போய்க் காலைத் தொட்டிருக்கிறது, உடம்புவரை ஏறவில்லை. ஒரு டன் எடைக்கு வளரக்கூடிய உடம்பு அந்த இருட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது. கிண்டுகிறவன் திரும்பவே இல்லை. தெரியாமல் நிற்கிறானா, தெரிந்தே பாகு அடிப்பிடித்துவிடும் என்று கிண்டுகிறானா? நான் அந்தப் படத்தை எத்தனை நேரம் பார்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உடம்பு எவ்வளவு உயரம் என்று மனசு தானாக அளந்து பார்க்கிறது. மறையூர் சர்க்கரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆளாளுக்கு உருண்டை வெல்லத்தைப் படம் பிடித்தார்களே, ஒருத்தருக்காவது இந்த ஊர் விழுந்ததா? இதில் விழுந்திருக்கிறது. காடு எங்கே முடிகிறது, கொட்டகை எங்கே தொடங்குகிறது என்று இங்கே யாராலும் கோடு போட முடியாது. நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். நீயும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

கொச்சிப் பையன் சிரித்தான். “சேட்டா, சப்ஜெக்டே காணலையே? கண்ணு எங்கே?” நியாயமான கேள்விதான். அவன் முதல் பரிசுக்கு எடுத்து வைத்திருந்தது வேறு. அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை வாலைத் தொங்கவிட்டுக் கிண்ணம் மாதிரிக் கூட்டின் விளிம்பில் நிற்கிற ஆண், கீழே மூன்று குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு. எங்கே எடுத்ததோ. வெளிச்சம் நாலு பக்கமும் சமமாக விழுந்திருக்கிறது. குறுக்கே ஒரு இலை இல்லை.

ஒரு இலை இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு காம்பு, சாய்வாக வெட்டு, வெட்டுவாய் வெளுப்பு இன்னும் காயவில்லை. “இது வெட்டின கிளை” என்றேன். “காத்துல ஒடிஞ்சிருக்கும்” என்றான். காற்று கத்திரிக்கோல் பிடிக்குமா என்று கேட்டேன். பறவைக் கூட்டை எடுத்த படத்தைப் பல போட்டிகளில் இப்போது வாங்குவதே இல்லை, அது அவனுக்கும் தெரியும். அந்த லண்டன் போட்டியிலேயே 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய், பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று அடுத்த ஜனவரியில் பரிசைப் பிடுங்கியதையும், 2017-இல் ஜெயித்த எறும்புதின்னி செத்ததைப் பாடம் பண்ணி நிறுத்தியது என்று அடுத்த வருஷம் தூக்கி எறிந்ததையும் நான் அடுக்கிக்கொண்டே போனேன். நல்ல வேகத்தில் இருந்தேன், நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மாஷ், பாவம், கபடமில்லாமல், “அப்படிச் சொல்லாதீங்க சாரே, உங்க கடைச் சுவர்ல இருக்கிற படமும் இதே மாதிரிதானே? இருபது வருஷமா பாக்கறேன், என்ன அழகு!” என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

1991. காந்தளூர், உங்கள் அத்தை வீட்டு வேலி. செம்மீசைச் சின்னான் கூடு, நம் இடுப்பு உயரத்தில். இலை மறைக்கிறது என்று உங்கப்பா சவர பிளேடை நீ கொண்டு வந்தாய். வெட்ட முடியாத கொப்பை என் ஷூ லேஸால் இழுத்துக் கட்டினேன். ஒரு ரோல், 36 படம், அதில் இருபத்தேழாவது. குஞ்சு தொண்டைக்குள் இருக்கிற சிவப்புகூடத் தெரிந்தது. லேஸை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். நாளைக்கும் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனோம். மறுநாள் கூடு காலி. வேலிமேல் செம்போத்து உட்கார்ந்திருந்தது. “செம்போத்துன்னா அப்படித்தான்” என்று நீ சொன்னாய், நானும் ஆமாம் என்றேன். நமக்கு வெளிச்சம் வந்த அதே வழியாகத்தான் அதுவும் உள்ளே போயிருக்கிறது. அது நம் ரெண்டு பேருக்கும் அன்றைக்கே தெரியும். கோயமுத்தூரில் பரிசு வாங்கி, அந்தப் பணத்தில் உடுமலை பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றோமே, அப்போதும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேசியிருக்கிறோம், உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி முழுக்கப் பேசினோம், இதைப் பேசினதில்லை.

அன்றைக்கு முடிவு என்ன ஆயிற்று என்றால், சிரிக்காதே, முதல் பரிசு வரையாட்டுக்கு. ஈப்பிடிப்பானுக்கு இரண்டாவது, நான் அதற்கு மேல் சண்டை போடவில்லை. நாலு காலுக்கு ஆறுதல் பரிசு, அதுவும் மாஷ் எனக்காகப் பரிதாபப்பட்டுக் கொடுத்தது.

பரிசு வாங்க அந்த ஆலைப் பையன் வந்தான். இருபது வயசிருக்கும், அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற வேலை. நான் பிடித்துக்கொண்டேன். எப்படித் தோன்றியது, உடம்பை இருட்டில் விட வேண்டும் என்று எப்படி முடிவு பண்ணினாய் என்றெல்லாம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “இல்ல சார். அது தினம் வருது. கொட்டகைக்குப் பின்னாடி ஒரு லைட் போட்டுக் கொடுங்கன்னு ஓனருக்கு அனுப்பின படம். போட்டிக்கு எங்கக்கா அனுப்பிருச்சு.”

லைட் போட்டாரா என்று கேட்டேன். “இன்னும் இல்ல சார். படத்துல மாடே தெரியலையேன்னு சொல்லிட்டாரு.”

நான் ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது ஜெயித்த படம். அவனுக்கு அது தோற்ற படம். லைட் போட்டிருந்தால் அவனுக்கு ஜெயம், அப்புறம் அந்த மாதிரி ஒரு படம் யாருக்கும் கிடைக்காது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு பேசினேனே, இந்த ஒன்றுக்கு என்னால் மார்க் போட முடியவில்லை. நேற்று ஓனரைப் போய்ப் பார்த்தேன், படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு. காலைத் தொட்டுக் காட்டி, இதற்கு மேலே எவ்வளவு இருக்கும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த வாரம் ஆளை அனுப்புகிறேன் என்றிருக்கிறார். பார்ப்போம்.

நம் சின்னான் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். பிரேம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது, வருகிறவனெல்லாம் எங்கே எங்கே என்று கேட்கிறான். நெகட்டிவ் உன்னிடம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. என்ன செய்வது என்று நீயே சொல்.

உன் 41-இல் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 23-ஆவது. பள்ளிக்கரணை, தூரத்தில் குப்பை மேடு, அடுக்குமாடி, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கூழைக்கடா. “இது தவறி அழுத்தினது, டெலிட் பண்ண மறந்துட்டேன்” என்று கீழே எழுதியிருக்கிறாய். அதன் பெரிய பைலை அனுப்பு.

பொங்கலுக்கு வந்தால் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வராதே, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம். புதன்கிழமை நான் போயிருந்தேன். காது சுத்தமாகக் கேட்கவில்லை, ஞாபகம் மட்டும் கத்தி. சாயா கொடுத்துவிட்டு, “அந்தக் குருவிப் போட்டோவை இன்னும் மாட்டி வச்சிருக்கியாடா?” என்று கேட்டது.

இருக்கு அத்தை என்று சொல்லிவிட்டேன். நீ வந்து பேசிக்கொள்.

உன்
இருட்டறை