தஞ்சாவூர் ஆயாவுக்கு

தஞ்சாவூருக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, அங்கே மருத்துவமனையில் கிடந்துவிட்டுப் பினாங்கு திரும்பி நான்கு நாள்கள் ஆகின்றன. என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். என் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை என்னைவிடச் சரியாக நினைவில் வைத்திருந்தவர்கள் நீங்கள். அதனால் அந்தக் கதை இங்கே வேண்டாம். விரல் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. பிழை இருந்தால், தமிழாசிரியை என்றும் பாராமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்றி சொல்ல வந்தது முக்கியமாக ஒருவருக்கு.

புறப்படும் முன் என் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 31 பேரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம் நேரம் காலை ஒன்பது, அங்கே ஆறரை. அந்த நேரத்தில் வகுப்புத் திரையில் தோன்றி, நாளுக்கு இரண்டு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரிய கோயில் நம் பினாங்கின் கொம்தார் அடுக்குமாடிக் கட்டடத்தைவிட உயரமா? விமானம் ஏறத்தாழ 66 மீட்டர்தான், கொம்தார் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்றதும் வகுப்பே கைதட்டியது. 1010இல் இயந்திரப் பாரந்தூக்கி கிடையாது என்றதும் கைதட்டல் அடங்கியது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, படை அனுப்பியபோது கப்பலில் யாராவது வாந்தி எடுத்தார்களா? கடாரம் என்ற பெயர் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. வாந்தியைப் பற்றி மட்டும் அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது கேள்வியில் நான் படுத்துவிட்டேன். "தலையாட்டி பொம்மையைத் தள்ளினால் ஏன் விழுவதில்லை? அதற்கு வலிக்காதா?"

பொம்மை செய்பவர்களைப் பார்க்கப் போக வேண்டிய நாளில் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் குரல்பதிவில் மன்னிப்புக் கேட்டேன். அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த இரவுப் பணி ஆயா ஒன்றும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் என் கட்டிலருகே ஒரு மஞ்சள் பை. உள்ளே வண்ணம் பூசாத, விரிசல் விட்டதால் ஒதுக்கிப்போட்ட ஒரு பொம்மை. அவருடைய தெருவில் ஒரு வீட்டில் செய்கிறார்களாம். பணிக்கு வரும் வழியில் கேட்டு வாங்கியிருக்கிறார். "ஒன்பது மணி ஆகிவிட்டதா உங்கள் ஊரில்?" என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. கைத்தொலைபேசியை அவரே பிடித்துக்கொண்டு, விரிசலில் கட்டை விரலைக் கொடுத்துப் பொம்மையை இரண்டாகப் பிளந்து காட்டினார். அடியில் களி உருண்டை போல ஒரு மண்கட்டி. மேலே மெல்லிய காகிதக்கூழ் ஓடு. "கனமெல்லாம் அடியில் இருக்கிறது கண்ணு. மேலே ஒன்றுமே இல்லை. அதனால்தான் எழுந்துகொள்கிறது."

வலிக்காதா என்று கேட்ட பிள்ளை விடவில்லை. ஆயா சற்று யோசித்தார். "எனக்குத் தெரியவில்லை, கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்றார். பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன்; இவ்வளவு நாணயமான விடையை நான் வகுப்பில் சொன்னதாக நினைவில்லை.

பிள்ளைகள் "நன்றி பாட்டி" என்று கத்தினார்கள். "பாட்டியா? எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது!" என்று அவர் சிரித்ததில் எதிர்க் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

என் அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி இருட்டோடு பால் எடுக்க மரம் சீவப் போகும்போது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவரை விட்டுவிட்டுப் போவாராம். அந்த ஆயாவின் முகம் அம்மாவுக்கு நினைவில்லை. வரக்காப்பி வாசம் மட்டும் நினைவிருக்கிறது என்பார். கட்டிலில் கிடந்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் மனம் எங்கெங்கோ போகிறது.

மற்றவர்களை மறக்கவில்லை. தினமும் திரையை இணைத்துக் கொடுத்த மாற்று ஆசிரியை, விடுப்பை நீட்டித்த தலைமையாசிரியர், தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறி வேண்டிக்கொண்ட பெற்றோர், என் பெட்டியையும் கடப்பிதழையும் பத்திரமாக வைத்திருந்த விடுதிக்காரர், மருத்துவர்கள், தாதியர், திருச்சி விமான டிக்கெட்டை மூன்று முறை மாற்றிய தம்பி, இரசம் கொண்டுவந்து இன்னும் பாத்திரத்தைத் திரும்பக் கேட்காத பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் என் கைகூப்பு.

கிளம்பும் நாளில் ஆயாவின் கையில் ஒரு உறையை வைக்கப் பார்த்தேன். "பிள்ளைகளோடு பேசியதற்குக் காசா டீச்சர்?" என்று முகம் சுருங்கிப்போனார். நான் செய்த பெரிய பிழை அது. பிறகு அவரே நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "இன்னும் பத்தொன்பது இருக்கிறதே" என்றார். கடைசிப் பக்கத்தில் தன் கேள்வி ஒன்றை எழுதச் சொன்னார். நாகப்பட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து எழும். உங்கள் ஊரில் எப்படி?

அந்தப் பத்தொன்பதுக்கும் விடை தேடாமல் இந்த ஆண்டு நோட்டை மூட மாட்டேன். முப்பத்திரண்டாவதைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். நேற்று மாலை ஒரு பையன் அப்பாவோடு தீவின் மேற்கே பாலேக் பூலாவ் பக்கக் கரைக்குப் போய், சூரியன் கடலுக்குள் இறங்குவதை நாற்பது விநாடி படம்பிடித்து அனுப்பியிருக்கிறான். பாதிப் படத்தில் அவன் கட்டை விரல்தான் தெரிகிறது. அப்படியே ஆயாவுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் நீலக்கோடு விழவில்லை. இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்.