ரேங்க் கார்டோடு வரும் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு ரேங்க் கார்டு வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்த முறை அதில் ‘ரேங்க்’ என்ற கட்டம் காலியாக இருக்கும். வகுப்பு ஆசிரியர் மறந்துவிட்டார் என்று நினைத்து ஆபீஸுக்குப் போன் போட வேண்டாம், நான்தான் எழுத வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தவன் அறிவியல் நோட்டு கேட்டு நான்கு பேரிடம் போயிருக்கிறான். ஒருவன் வீட்டில் இருக்கிறது என்றான், ஒருவன் தங்கச்சி கிழித்துவிட்டாள் என்றான், இப்படியே நாலு பேரும் கையை விரித்துவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவன், சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். அவனைத் திட்டத்தான் கூப்பிட்டேன். “கொடுத்தா அவன் என்னைத் தாண்டிடுவான் மிஸ்” என்றான். தாண்டினால் என்னடா என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “ரேங்க் குறைஞ்சா அப்பா ரெண்டு நாள் பேச மாட்டார் மிஸ்” என்றான். அதற்கப்புறம் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

அந்த அப்பாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நல்லவளாக முடியாது. ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து வகுப்பு வாரியாக முதல் மூன்று ரேங்க் வாசித்தது யார்? பதினோரு வருடமாக நான்தான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது, நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நம்முடையது லுத்தரன் பள்ளி, திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லுத்தரின் வழியில் வந்தது. அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளுக்கு வருடா வருடம் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள், லுத்தர் வேஷம் போட்ட பையன் விட்டன்பெர்க் தேவாலயக் கதவில் சுத்தியலால் ஆணி அடிப்பான், 1517, பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்துத் தொண்ணூற்றைந்து கருத்துகள், கைதட்டல், மிட்டாய், முடிந்தது. (நிஜமாகவே ஆணி அடித்தாரா என்று சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை, அது வேறு.) இந்தப் பையன் பேசின பிறகு எனக்கு அந்தக் கதவை விட, அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தின லுத்தர்தான் நினைவில் நின்றார். 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த இளம் துறவி. உபவாசம் இருந்தார், ராக்கண் விழித்தார், பாவ அறிக்கை செய்ய உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார், முடித்துவிட்டுப் போனவர் ஒன்றை விட்டுவிட்டேனே என்று திரும்பி வருவார். கடவுளிடம் மார்க் குறைந்துவிடுமோ என்ற பயம். மார்க் குறைந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்ற அதே பயம்தான், இடம் மட்டும் வேறு.

பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தை, அதாவது கடிதத்தை, திரும்பத் திரும்பப் படித்துத்தான் அவர் அதிலிருந்து வெளியே வந்தார். கடவுளின் அன்பு நாம் உழைத்து வாங்குகிற சம்பளம் இல்லை, முதலிலேயே கொடுத்தாகிவிட்டது, வாங்கிக்கொண்டால் போதும். 1520-இல் கிறிஸ்தவனின் விடுதலையைப் பற்றி அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், அதன் தொடக்கத்தில் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி இரண்டு விஷயம் வருகிறது: கிறிஸ்தவன் எல்லாவற்றிலும் சுதந்திரமானவன், யாருக்கும் கீழ்ப்பட்டவன் இல்லை. கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். கல்லூரியில் படித்தபோது இது வெறும் வார்த்தை விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது அந்த நோட்டை வைத்துப் பார்த்தால் நேராகப் புரிகிறது. என் பெயரில் புண்ணியக் கணக்கு ஏற வேண்டும் என்று நான் ஒருவனுக்குச் சோறு போட்டால் அவன் எனக்கு ஒரு ஏணிப்படி, அவ்வளவுதான். கணக்கே வேண்டாம், அது தீர்ந்துபோனது என்று தெரிந்தால்தான் எதிரில் நிற்கிறவனுக்குப் பசிக்கிறது என்பதே என் கண்ணில் படும்.

நம் ஹால் சுவரில் எழுதியிருக்கிற கலாத்தியர் 5:13 இதைத்தான் சொல்கிறது. “சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்” என்று தொடங்கி “அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்” என்று முடிகிற வசனம். சுயாதீனம் பழைய பைபிள் தமிழ், போன வருடம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி “மதுரை ஆதீனம் மாதிரியா மிஸ்?” என்று கேட்டாள். விடுதலை என்று சொல்லிக்கொடுத்தேன். எதிலிருந்து விடுதலை என்று அவள் அடுத்துக் கேட்டபோது பெல் அடித்துவிட்டது, நானும் தப்பித்தேன் என்று வகுப்பை விட்டு வந்துவிட்டேன். இப்போது கேட்டால் அந்தப் பையனின் நோட்டைக் காட்டுவேன்.

இது வெறும் பேச்சு இல்லை என்பதற்கு லுத்தர் வாழ்க்கையிலேயே ஒரு வருடம் இருக்கிறது. 1527-இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள், இவரையும் கிளம்பச் சொல்லி மன்னரிடமிருந்து கடிதம் வந்தது. இவர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி, வீடே ஆஸ்பத்திரி மாதிரி நோயாளிகளால் நிறைந்தது. அப்படியிருந்தும் ஊரை விட்டுப் போனவர்களை அவர் கோழைகள் என்று ஏசவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. உன்னை நம்பி யாரும் இல்லையா, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்கிறதா, தாராளமாகப் போ என்றார். பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் விட்டுப் போகக் கூடாது, இருக்கிறவர்கள் மருந்து சாப்பிடுங்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள், வேலையில்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். கொரோனா காலத்தைத் தாண்டி வந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இதே மனிதர்தான் வயதான காலத்தில், 1543-இல், யூதர்களைப் பற்றிப் படிக்கவே கூசுகிற மாதிரி எழுதினார். பிள்ளைகளிடம் அதையும் சொல்கிறேன், மறைக்க மனம் வரவில்லை. ஒருதரம் விடுதலை கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் கையில் இருக்கும் என்று யார் சொன்னது?

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1706-இல், டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் படித்ததும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்ததும் பாடப் புத்தகத்திலேயே வரும். அவர் அங்கே சிறையில் கிடந்தது பலருக்குத் தெரியாது. ஒரு ஏழை விதவையின் கடன் தகராறில் அவள் பக்கம் நின்று பேசினார், கோட்டைத் தளபதிக்குக் கோபம், 1708 கடைசியில் பிடித்து உள்ளே போட்டு நாலு மாதம் வைத்திருந்தார்கள். அவரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தது டேனிஷ் மன்னர், உள்ளே போட்டதும் டேனிஷ்காரர்கள்தான்.

சரி, நம் பள்ளியில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். யாரையும் வேதத்துக்கு இழுக்க இதை எழுதவில்லை. என் முடிவு எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ரேங்க் இல்லாவிட்டால் பிள்ளை படிக்குமா, இது போட்டி உலகம் மிஸ் என்று ஒருவர் ஏற்கெனவே போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். மார்க் கார்டில் இருக்கிறது, எந்தப் பாடத்தில் எங்கே இடிக்கிறது என்பதை ஆசிரியரிடம் வந்து கேட்கலாம். அரையாண்டு முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம், படிப்பு நிஜமாகவே சரிந்திருந்தால் அதையும் பார்ப்போம். உடம்பு சரியில்லாமல் லீவு போட்ட பிள்ளைகளுக்கு இனி ஆபீஸில் நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம், காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை பிள்ளை கார்டை நீட்டும்போது முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு பார்க்கலாம், மார்க் எங்கேயும் ஓடிப்போகாது.

அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன், அவரிடம் கேட்டுத்தான் இதையும் எழுதுகிறேன். நான் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தார் டீச்சர்” என்றார். மறுநாள் நோட்டு கைமாறிவிட்டது.

அக்டோபர் 31 காலை பத்து மணிக்கு நாடகம், எல்லாரும் வரலாம். இந்த வருடம் சுத்தியல் கிடையாது, 1527-ஐத்தான் போடுகிறோம். படுக்கையில் கிடக்கிற நோயாளிகளாக நடிக்க எட்டாம் வகுப்பு முழுக்கத் தயாராக இருக்கிறது, இருமிக் காட்டச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். கத்தரீனாவாக நடிக்கிற பெண்ணுக்குத் தரை தொடுகிற கறுப்புப் பாவாடை ஒன்று தேவைப்படுகிறது, யார் வீட்டிலாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை