எரிக்கப்பட்டவையும் போர் ஓவியங்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அரசுகள் அமர்த்திய போர்க்கால ஓவியர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் பிரிட்டிஷ் அரசு கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் தலைமையில் ஒரு குழு அமைத்து, நூற்றுக்கணக்கான ஓவியர்களுக்கு வேலை கொடுத்ததைக் கட்டுரையாளர் பாராட்டுகிறார். பாராட்ட வேண்டியதுதான். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுக்குப் பயந்து படுத்திருந்த மக்களைச் சிற்பி ஹென்றி மூர் முதலில் தானாகவே வரைந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் குழு அவரை அமர்த்தியது. ஆனால் தூங்குகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து வரைய அவருக்கு மனம் வரவில்லை. சின்னக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பிறகு நினைவிலிருந்து வரைந்தார். போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் அந்த உடல்களில் வீரமும் இல்லை, வெற்றியும் இல்லை. அரசுப் பணத்தில் அப்படியும் வரைய முடிந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் கட்டுரை தணிக்கை பக்கமே போகவில்லை. முதல் உலகப் போரில் அதே நாடு அமர்த்திய ஓவியர் நெவின்சன். முள்வேலி நடுவே சேற்றில் குப்புறக் கிடக்கும் இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களின் சடலங்களை அவர் 1917-இல் வரைந்தார். காட்டக் கூடாது என்று தடுத்தார்கள். 1918-இல் அவர் பழுப்புத் தாளைக் குறுக்கே ஒட்டி, ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று எழுதிக் கண்காட்சியில் மாட்டினார். அதற்கும் கண்டனம் வந்தது. வரையப் பணம் கொடுத்துவிட்டு, எதை மக்கள் பார்க்கலாம் என்ற முடிவை அதிகாரிகளிடம் விட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம், வங்க ஓவியர் சித்தபிரசாத். 1943-இல் வங்கம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அதுவும் இரண்டாம் உலகப் போரின் முகம்தான். எந்த அரசும் அமர்த்தாமல், அவர் மிட்னாப்பூர் பகுதியில் ஊர் ஊராக நடந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை மையில் வரைந்தார். அந்தப் படங்கள் நூலாக வந்ததும் ஆங்கிலேய அரசு 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. லண்டனில் மூரை வரையச் சொன்ன அதே போரில், அதே ஆட்சி! இதைப் படித்த நாளிலிருந்து மூரின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிட்னாப்பூரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

போர் ஓவியம் பற்றி மறுபடியும் எழுதினால், சித்தபிரசாத்தின் படம் ஒன்றையாவது மூரின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்