ஞாயிறு காலை சம்ப் சுத்தம்: எல்லாரும் கவனிக்கவும்

வணக்கம். நம் சம்ப்பும் (நிலத்தடித் தொட்டி) மேல்நிலைத் தொட்டியும் வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, காலை 7 முதல் மதியம் 2 மணி வரை சுத்தம் செய்யப்படும். அதுவரை குழாயில் தண்ணீர் வராது.

இப்போது அவசியமா என்று சிலர் கேட்டீர்கள். நமக்கு வருவது பவானி ஆற்றுத் தண்ணீர். பில்லூர் அணையிலிருந்து எடுத்து, வெள்ளியங்காடு சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கலந்து சேற்றைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. சம்ப்பில் வண்டல் கிடந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும். அங்கே பட்ட பாடெல்லாம் இங்கே வீண்.

1. சனி இரவே குடிக்க, சமைக்கத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.
2. காலை 7 மணிக்குள் கீசர், ஆர்ஓ, வாஷிங் மெஷின் அணைத்துவிடுங்கள்.
3. தண்ணீர் திரும்பியதும் முதல் இரண்டு பக்கெட்டைக் குடிக்க வேண்டாம், தரை கழுவப் பயன்படுத்துங்கள். லேசான குளோரின் வாசனை இருக்கும், பயப்பட வேண்டாம்.
4. மேற்பார்வைக்கு பிளாக்குக்கு ஒருவர் வேண்டும்.

வர முடிந்தவர்கள் வெள்ளி மாலைக்குள் வீட்டு எண்ணுடன் பதில் போடுங்கள். அப்புறம், கைக்குழந்தையோ முதியவர்களோ இருக்கும் வீடுகள் சொன்னால் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்கிறோம்.

– சங்கச் செயலாளர்