சரோஜாவுக்கு, கோலாலம்பூர் செத்தாப்பாக்கிலிருந்து

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. பட்டர்வொர்த்தில் மகள் பக்கத்திலேயே இருப்பது பெரிய துணை. இங்கே பேத்திக்குப் பரீட்சை முடிந்து வீடு பழைய கூச்சலுக்குத் திரும்பிவிட்டது.

டிரோனை அனுப்பி ஆளைக் கொல்வது சட்டப்படி சரியா என்று கேட்டிருந்தாய். நான் வழக்கறிஞர் இல்லை, இருபத்தெட்டு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், அவ்வளவுதான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பசியாறியதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடுகிறது.

டிரோன் தடை செய்யப்பட்ட ஆயுதம் இல்லை. விஷவாயுவுக்கு இருப்பதுபோல இதற்கென்று தனி ஒப்பந்தம் கிடையாது. விமானத்திலிருந்து குண்டு போட்டால் என்ன சட்டமோ அதேதான் இதற்கும். போர் நடக்கிற இடமென்றால் எதிரிப் படையைத் தாக்கலாம். பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது, ராணுவப் பலனுக்கு மிஞ்சி அப்பாவி உயிர்கள் போகும் என்று தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். போர் இல்லாத இடமென்றால் போலீஸ்காரருக்கு உள்ள கட்டுப்பாடுதான்: உடனே ஓர் உயிர் போகப்போகிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டுமே கொல்லலாம். இன்னொரு நாட்டுக்குள் புக அந்த நாட்டின் சம்மதமோ, ஐநா பாதுகாப்பு மன்றத்தின் அனுமதியோ, ஐநா சாசனத்தின் 51ஆவது பிரிவு சொல்லும் தற்காப்போ வேண்டும்.

சரி, அது போரா இல்லையா என்று யார் சொல்வது? எனக்கு வயிறு எரிவது இங்கேதான். கொல்கிறவரே சொல்லிக்கொள்கிறார். 2002 நவம்பரில் ஏமன் பாலைவனத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு காரை அமெரிக்க உளவுத்துறையின் டிரோன் அழித்தது. ஆறு பேர் செத்தார்கள். ஏமன் அரசின் சம்மதம் இருந்தது. அது எல்லை தாண்டியதற்கு வேண்டுமானால் பதிலாகும். காருக்குள் இருந்தவர்களின் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்ல அந்த அரசுக்கு மட்டும் ஏது உரிமை? அல்காயிதாவோடு போர், அவர்கள் எங்கே இருந்தாலும் போர் என்றது வாஷிங்டன்.

அப்புறம் அந்த 'உடனடி'. 2013இல் வெளியே கசிந்த அமெரிக்க அரசின் நீதித்துறைக் குறிப்பு ஒன்று, குறிப்பிட்ட தாக்குதல் விரைவில் நடக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லாவிட்டாலும் அது உடனடி ஆபத்துதான் என்கிறது. சரோஜா, இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல் என்று என்னைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் நான் தவித்துப்போயிருப்பேன். உடனடி என்றால் இதோ, இந்த நிமிடம். அந்தச் சொல்லுக்குள் நாளையையும் அடுத்த வருடத்தையும் எப்படித் திணிப்பது?

நீதிமன்றத்தில், கொலைக்கான 302ஆம் பிரிவின் கீழ் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் குற்றச்சாட்டை வாசித்துவிட்டு "விளங்குதா?" என்று கேட்பேன். தலையாட்டும்வரை மாஜிஸ்திரேட் காத்திருப்பார். சிலர் தலையாட்டவே நேரமாகும். கொலைக்குற்றம் சுமத்தப்பட்டவனுக்கும் அந்த நேரம் உண்டு. போர்க்களத்தில் யாரும் குற்றச்சாட்டு வாசிக்க மாட்டார்கள், தெரியும். அதனால்தான் எதைப் போர்க்களம் என்று அழைக்கிறோம் என்பதில் அத்தனை கண்டிப்பு வேண்டும் என்கிறேன். 2010இல் சட்டத்துக்குப் புறம்பான கொலைகளை ஆராயும் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், போருக்கு வெளியே டிரோனால் இப்படிக் குறிவைத்துக் கொல்வது அநேகமாக ஒருபோதும் சட்டப்படி இருக்காது என்று எழுதினார். 2013இல் பாகிஸ்தானின் பெஷாவர் உயர் நீதிமன்றம், அங்கே அமெரிக்கா நடத்திய டிரோன் தாக்குதலைப் போர்க்குற்றம் என்றே சொல்லிவிட்டது. தாக்குதல் நிற்கவில்லை.

எங்கள் செத்தாப்பாக்கில் 2018 ஏப்ரலில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். விடிகாலை சுபுஹ் தொழுகைக்கு நடந்து போன பாலஸ்தீன விரிவுரையாளரை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுக் கொன்றார்கள். ஏவியது யார் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. ஆனால் இங்கே யாரும் அதைப் போர் என்று சொல்லவில்லை. கொலை என்றோம், போலீஸ் கொலையாகவே விசாரித்தது. அதையே வானத்திலிருந்து செய்திருந்தால் பெயர் மாறிவிடுமா?

பின்வாசலில் வெண்டை நன்றாகப் பிடித்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பறித்துக்கொண்டிருந்தேன், சுணை விரலெல்லாம் குத்தியது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் படமெடுத்த டிரோன் ஒன்று தலைக்கு மேலே ரீங்காரமிட்டுக்கொண்டு நின்றது. அப்படியே கூடையைக் கீழே வைத்துவிட்டேன். 2012 அக்டோபரில் பாகிஸ்தானின் வட வஜீரிஸ்தானில் ஒரு பாட்டி வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் டிரோன் தாக்கிக் கொன்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்னால், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே. அடுத்த வருடம் வாஷிங்டனில் பேரன் பேசினான். இப்போதெல்லாம் நீல வானம் பிடிப்பதில்லை, மேகம் மூடிய நாளில்தான் டிரோன் பறக்காது என்றான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் பேத்தியின் வயது.

பள்ளி விடுமுறையில் அவளோடு ரயிலேறி வருகிறேன். ஆல்ஸ்டன் அறிக்கையை அச்செடுத்து ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். 'உடனடி' வருகிற இடங்களில் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். நீ படித்துப் பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
கமலா